கடலூரில் முடிந்த கணக்கு

எடமலைப்பட்டி புதூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, ஞாயிற்றுக்கிழமை காலை மேட்ச் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். எங்க கதை எங்க லெக் ஸ்பின்னரைப் பற்றியது. சிவில் மூன்றாம் ஆண்டு, ஊர் கடலூர். ஆள் ஒல்லி, ஓடி வருவதே நாலு எட்டுதான். ஆனா அவன் கையை விட்டுப் போன டென்னிஸ் பந்து பாதி வழியில் மனசு மாறின மாதிரி திடீர்னு கீழே இறங்கும். பேட்ஸ்மேன் காற்றில் மட்டையை வீசிட்டு, குனிஞ்சு தரையைப் பார்ப்பான். தரையில் ஒண்ணும் இருக்காது. எல்லாம் பந்து தரையைத் தொடுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்.

மெக்கானிக்கல் படிக்கிறவன் என்ற திமிரில் ஒரு நாள் டீக்கடையில் நான் விளக்கம் கொடுத்தேன். பந்து முன்பக்கமாகச் சுழன்றுகொண்டே போனால், அதன் மேற்பரப்பு எதிர்க்காற்றோடு மோதிக்கொண்டு போகிறது, கீழ்ப்பரப்பு காற்றோடு சேர்ந்து போகிறது. இதனால் பந்தைத் தாண்டிப் போகும் காற்று மேல்நோக்கித் திருப்பி விடப்படுகிறது. அதற்கு எதிர்வினையாகப் பந்து கீழே தள்ளப்படுகிறது. பேர் மேக்னஸ் விளைவு. இவ்வளவும் சொல்லி முடிச்ச பிறகு யாருடா அந்த மேக்னஸ் என்று ஒருத்தன் கேட்டான். ஜெர்மன்காரர் என்பதைத் தாண்டி எனக்கு ஒண்ணும் தெரியலை.

ராத்திரி தேட உட்கார்ந்தேன். மேக்னஸைத் தேடப் போனவன், அவருக்கு நூற்றுப் பத்து வருஷம் முன்னாடியே இந்த விஷயத்தைப் பிடித்துவிட்ட இன்னொருத்தர் மேல் போய் முட்டிக்கொண்டேன். பெஞ்சமின் ராபின்ஸ். பிறந்தது இங்கிலாந்து. இறந்தது தேவனாம்பட்டினம். எங்க லெக் ஸ்பின்னர் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்! அவனுக்கே தெரியாது.

ராபின்ஸ் 1707-இல் பாத் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தையல்காரர். வசதி கிடையாது. குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. குவேக்கர்கள் போருக்குப் போக மாட்டார்கள், ஆயுதம் தொட மாட்டார்கள். அந்த வீட்டில் பிறந்த பையன்தான் பின்னாளில் துப்பாக்கி அறிவியலுக்கே அடித்தளம் போட்டார் என்பதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படிங்க.

காலேஜ் பட்டம் எதுவும் இல்லை. தானாகவே கணக்கு படித்தார். லண்டனுக்கு வந்து, பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வயிற்றைக் கழுவினார். நம்ம ஊரில் டியூஷன் வாத்தியார் மாதிரி. நியூட்டனின் ஒரு நூலில் நிரூபணம் இல்லாமல் இருந்த கடைசித் தேற்றத்துக்கு இவர் நிரூபணம் எழுதினார். அது 1727-இல் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. அதே வருஷம் அந்தச் சொசைட்டியின் உறுப்பினராகவும் ஆனார். அப்போது வயது இருபது. நமக்கு இருபதில் இன்டர்னல் மார்க்கே பெரிய போராட்டம், அதை விடுங்க.

அடுத்த சில வருஷங்கள் முழுக்கச் சண்டை. யோஹான் பெர்னூலியோடு மோதல் பற்றிய கணக்கில் சண்டை. நுண்கணிதத்தின் அடிப்படையே ஓட்டை என்று பிஷப் பெர்க்லி எழுதினபோது, நியூட்டன் பக்கம் நின்று அவரோடு சண்டை. பிறகு அரசியலிலும் இறங்கி, பிரதமர் வால்போலுக்கு எதிராகத் துண்டு நூல்கள் எழுதினார். இதன் பலன் என்னன்னா, 1741-இல் உல்விச்சில் ராணுவ அகாடமி தொடங்கினபோது இவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பேராசிரியர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. அந்த வேலைக்காகத் தயார் செய்த பாடங்கள்தான் அடுத்த வருஷம் புத்தகமாக வந்தன என்று சொல்வார்கள். பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் என்று தமிழில் சொல்லலாம். 1742. சின்னப் புத்தகம்தான்.

அந்தப் புத்தகம் வரும்வரை குண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று யாருக்கும் உருப்படியாகத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி அளப்பது? ஸ்டாப் வாட்ச்சை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஓட முடியுமா? ராபின்ஸ் ஒரு கனமான ஊசலைத் தொங்கவிட்டார், எடை 56 பவுண்டு. அதன் மரப்பலகையில் ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடையுள்ள குண்டைச் சுட்டார். குண்டு மரத்தில் புதைந்து, ஊசல் பின்னால் ஆடும். ஊசலில் கட்டிய ரிப்பன் எவ்வளவு இழுபட்டது என்று அளந்தால் ஆட்டம் தெரியும், ஆட்டத்திலிருந்து ஊசலின் வேகம், அதிலிருந்து உந்த அழிவின்மையை வைத்துக் குண்டின் வேகம். முதல் வருஷம் பிசிக்ஸில் இந்தக் கணக்கை நீங்களும் போட்டிருப்பீங்க. எடை விகிதத்தைப் பாருங்க: 672 மடங்கு. யாராலும் அளக்க முடியாத வேகத்தை, கையால் அளக்கக்கூடிய வேகமாக மாற்றிவிட்டார். விடை, வினாடிக்கு ஏறத்தாழ 1670 அடி. நம்ம அளவில் 500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

இந்த எண் கையில் வந்ததும் ஒரு பெரிய பொய் உடைந்தது. எறியப்பட்ட பொருள் பரவளையப் பாதையில் போகும் என்பது கலீலியோ காலத்துப் பாடம். காற்றின் எதிர்ப்பு அற்பம், விட்டுவிடலாம் என்று பீரங்கி நூல்கள் எழுதிவந்தன. அந்தக் கணக்குப்படி இந்தக் குண்டை 45 டிகிரியில் சுட்டால் 17 மைல் போய் விழணும். எ.புதூரில் சுட்டால் காவிரி தாண்டி, ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடம் தாண்டி, சமயபுரமும் தாண்டி. நிஜத்தில் அரை மைலுக்குள் விழுந்துவிடுகிறது என்றார் ராபின்ஸ். அந்த வேகத்தில் காற்று குண்டைத் தடுக்கிற விசை, குண்டின் எடையைப் போல 120 மடங்கு என்று காட்டினார். ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எதிர்ப்பு மூன்று மடங்கு போலத் திடீரென்று ஏறுவதையும் கவனித்தார். விமானம் ஒலி வேகத்தைத் தாண்டியது 1947-இல். இவர் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தது அதற்கு இருநூறு வருஷம் முன்னாடி, ஒரு மரக்கட்டையையும் ரிப்பனையும் வைத்துக்கொண்டு.

இப்போ நம்ம லெக் ஸ்பின்னர் விஷயத்துக்கு வரலாம்.

ராபின்ஸுக்கு ஒரு உறுத்தல் இருந்தது. துப்பாக்கியை அசையாமல் இறுக்கிக் கட்டி, ஒரே அளவு மருந்து போட்டு, அடுத்தடுத்துச் சுட்டாலும் குண்டுகள் ஒரே இடத்தில் விழுவதில்லை. ஒன்று இடப்பக்கம் வளைகிறது, அடுத்தது வலப்பக்கம். நேர்க்கோட்டில் விலகினால் குழல் சரியில்லை என்று சொல்லிவிடலாம். இது போகப் போக அதிகமாக விலகுது. அப்படின்னா, குழலை விட்டு வெளியே வந்த பிறகும் ஏதோ ஒன்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கணும். வெளியே காற்றைத் தவிர வேறு என்ன இருக்கு?

அவருடைய பதில் இது. அந்தக் காலத்துக் குண்டு குழலுக்குள் இறுக்கமாகப் பொருந்தாது, கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். வெளியேறும்போது குழலின் ஏதோ ஒரு பக்கத்தில் உரசும். உரசினால் சுழலும். எந்தப் பக்கம் உரசும் என்பது ஒவ்வொரு முறையும் அதிர்ஷ்டம். ஆகவே சுழற்சியும் அதிர்ஷ்டம், வளைவும் அதிர்ஷ்டம்.

பதில் சொல்வது சுலபம். அதைக் காட்டணுமே? இங்கேதான் எனக்கு இந்த ஆள் மேல் மரியாதை வந்தது. ஒரு துப்பாக்கிக் குழலின் வாய்ப்பக்கத்தைக் கடைசி மூன்று நான்கு அங்குலத்துக்கு இடப்புறமாக வளைத்தார். உங்க முதல் யூகம் என்ன? இடப்புறம் வளைந்த குழலிலிருந்து வரும் குண்டு இடப்புறமே போகும். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். ராபின்ஸ் சொன்னது வேறு. நேராகப் போக நினைக்கும் குண்டு வளைவில் வலப்பக்கச் சுவரோடு உரசிக்கொண்டு உருளும். அந்த உருளல் அதன் முன்பக்கத்தை வலப்புறமாகத் திருப்பும். ஆகவே முதலில் இடப்புறம் கிளம்பினாலும், போகப் போக வலப்பக்கம் வளையும். வழியில் மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டார். காகிதத்தில் விழுந்த ஓட்டைகள் குண்டின் பாதையை வரைந்து காட்டின. முதலில் இடம், அப்புறம் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வலம். குண்டு அவர் சொன்னதைக் கேட்டது.

சுழற்சியை முன்கூட்டியே தீர்மானித்து, எந்தப் பக்கம் வளையும் என்று முன்கூட்டியே சொல்லி, செய்தும் காட்டியாயிற்று. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

வேண்டியிருந்தது. காரணம், லியோனார்ட் ஆய்லர். ஆமா, அதே ஆய்லர். நம்ம எம்-1, எம்-2, எம்-3 எல்லா நோட்டுப் புத்தகத்திலும் குடியிருப்பவர். பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக்குக்காக ராபின்ஸின் புத்தகத்தை அவர் ஜெர்மனில் மொழிபெயர்த்து, 1745-இல் வெளியிட்டார். மூல நூலைவிட ஆய்லரின் குறிப்புகள் பல மடங்கு நீளம். காற்று எதிர்ப்புக் கணக்கை அவர் அபாரமாக முன்னே கொண்டுபோனார், அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனா சுழற்சி விஷயத்தில் ராபின்ஸை ஏற்கவில்லை. குண்டு சரியான உருண்டையாக இல்லாததால்தான் விலகுது என்று முடித்துவிட்டார். ஐரோப்பா முழுக்க பீரங்கி அதிகாரிகள் படித்தது ஆய்லர் வழியாக வந்த ராபின்ஸைத்தான். இளம் அதிகாரியாக இருந்த நெப்போலியன்கூட இந்த நூலைப் படித்துக் குறிப்பெடுத்திருக்கிறார். பெரிய பேர் ஒன்று இல்லை என்று சொன்னால், சின்ன பேர் காட்டின காகித ஓட்டைகளை யார் போய் எண்ணப் போறாங்க?

ஆய்லரைத் திட்டவும் மனசு வரலை. உராய்வே இல்லாத திரவத்தை வைத்துத்தான் அந்தக் காலத்துச் சமன்பாடுகள். பந்தின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப்படலம்தான் சுழற்சியைக் காற்றுக்குக் கடத்துகிறது. அந்தப் படலத்துக்குக் கணக்கு எழுத பிராண்ட்டில் 1904-இல் வந்தார். ஆய்லரிடம் கருவி இல்லை. ராபின்ஸிடமும் அந்தக் கணக்கு இல்லை, ஆனா அவர் சுட்டுப் பார்த்தார்.

ராபின்ஸுக்கு 1746-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது. அடுத்த வருஷம் இன்னொரு கட்டுரை வாசித்தார். குழலின் உட்புறத்தில் திருகு மாதிரி வரி வெட்டிய துப்பாக்கி ஏன் குறி தவறுவதில்லை என்று அதில் விளக்கினார். இந்த வரிக்குழலை அவர் கண்டுபிடிக்கலை. ஜெர்மன் வேட்டைக்காரர்கள் அதற்கு ரொம்ப காலம் முன்பே வைத்திருந்தார்கள். ஏன் வேலை செய்யுது என்று ஒழுங்காகச் சொல்லத்தான் ஆள் இல்லை. ராபின்ஸுக்கு விடை கையிலேயே இருந்தது. தற்செயலான சுழற்சிதான் வியாதி. அதற்கு மருந்தும் சுழற்சியேதான், ஆனால் அச்சைப் போகிற திசைக்கே திருப்பி வைக்கணும். பம்பரத்தை நினைச்சுக்கோங்க. ஆணி மேல் நின்று சுற்றும் வரை சாயாது. குண்டின் அச்சு அதன் பாதையோடு ஒட்டியிருந்தால், காற்று எந்தப் பக்கமும் தள்ள முடியாது. உருண்டைக்குப் பதில் முட்டை வடிவக் குண்டு நல்லது என்றும், இந்தத் துப்பாக்கியை முதலில் தேர்ச்சியாகக் கையாளும் நாடு மற்ற நாடுகளை மிஞ்சிவிடும் என்றும் சொல்லி வைத்தார். அடுத்த நூற்றாண்டின் போர்கள் அவர் சொன்னபடியே நடந்தன.

நவல்பட்டுப் பக்கம் இருக்கிற நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்கிற ஒவ்வொரு ரைபிள் குழலுக்குள்ளேயும் அந்த வரிகள் இருக்கின்றன. இன்டஸ்ட்ரியல் விசிட் லெட்டர் எழுதும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சரி, இப்பேர்ப்பட்ட ஆள் கடலூருக்கு எப்படி வந்தார்?

வேலைக்குத்தான். ஆன்சனின் உலகப் பயண நூலில் பெரும்பகுதி இவர் எழுதியது என்ற பேச்சு உண்டு. அந்தப் பழக்கத்தில் ஆன்சனின் ஆதரவு இருந்தது. 1749-இல் இரண்டு வாய்ப்புகள் வந்தன: ஒன்று எல்லைத் தகராறு பேச பாரிஸ், மற்றொன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் பதவி. ராபின்ஸ் இரண்டாவதைப் பிடித்தார். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் பறிகொடுத்த கம்பெனிக்கு, கோட்டைகளைச் சரிசெய்ய ஒரு ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது. சென்னை திரும்பக் கிடைத்த பிறகும் தலைமையிடம் கொஞ்ச காலம் தேவனாம்பட்டினத்திலேயே, செயின்ட் டேவிட் கோட்டையிலேயே இருந்தது. ராபின்ஸ் அங்கே 1750 ஜூலையில் வந்து இறங்கினார்.

அந்தக் கோட்டைக்கு ஒரு கதை இருக்கு. எங்க லெக் ஸ்பின்னர் வீட்டுக்குப் போனபோது கேட்டது, பிறகு படித்தும் பார்த்தேன். கம்பெனி 1690-இல் மராத்தியரிடமிருந்து அந்தக் கோட்டையை வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? சங்கிலி வைத்து அளக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ அதுவரைக்கும் கம்பெனிக்கு. சுற்றிலும் திசை திசையாகச் சுட்டார்கள். உள்ளே அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பேரே நிலைத்துவிட்டது. நினைச்சுப் பாருங்க. எந்தக் குண்டு எந்தப் பக்கம் உரசிக்கொண்டு வெளியே வந்ததோ, அதைப் பொறுத்து உங்க தாத்தாவின் வயல் கம்பெனிக்கு வரி கட்டியிருக்கும், அல்லது தப்பித்திருக்கும். குண்டு ஏன் விலகுது என்று உலகத்தில் முதன்முதலாகச் சரியாகச் சொன்ன மனுஷன், அறுபது வருஷம் கழித்து அதே எல்லைக்குள் வந்து குடியேறுகிறார்.

வந்த சில மாதத்திலேயே காய்ச்சலில் விழுந்து, தேறி எழுந்தார். சென்னைக் கோட்டைக்கும் செயின்ட் டேவிட் கோட்டைக்கும் திட்டம் போட்டார். வரைபடம், மதிப்பீடு, அறிக்கை. நம்ம சிவில் பசங்க பாஷையில் சொன்னால் முழுக்க எஸ்டிமேஷன் வேலை. கூடவே வந்த ஜான் கால் என்ற இளைஞர் பின்னாளில் சென்னையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

1751 ஜூலையில் அந்தக் கோட்டையில் எல்லார் கவனமும் திருச்சி மேல்தான் இருந்திருக்கும். சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் துரத்த, கம்பெனிப் படை பின்வாங்கி, கொள்ளிடத்தைக் கடந்து, முகமது அலி இருந்த திருச்சிக் கோட்டைக்குள் ஒண்டிய மாதம் அது. செயின்ட் டேவிட்டிலிருந்து விருத்தாசலம் பக்கமாகத் துணைப்படை கிளம்பியது, கூடவே ராபர்ட் கிளைவ் என்ற இருபத்தைந்து வயசு ஆள். நாம கடலூர் போக பஸ் பிடிக்கிற அதே வழி. அடுத்த வருஷம் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது, சந்தா சாகிபின் தலை போனது, தென்னிந்தியாவின் கதையே மாறியது. அதில் எதையும் ராபின்ஸ் பார்க்கவில்லை. 1751 ஜூலை 29 அன்று இறந்தார். கம்பெனி இயக்குநர்களுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோதே, கையில் பேனாவோடு உயிர் போனது என்கிறார்கள். வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இன்று சில்வர் பீச்சுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள்?

இவரை நாம கொண்டாடணுமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. கம்பெனிச் சம்பளம், கம்பெனிக் கோட்டை, ஆளைக் கொல்கிற குண்டு. நியாயமான கேள்விதான். என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்: கம்பெனிக்காரராக அவரை எனக்குப் பிடிக்கவில்லை. வளைந்த குழலை நிறுத்தி, இது இந்தப் பக்கம்தான் போகும் என்று முன்னாடியே சொல்லிவிட்டுச் சுட்ட ஆளை ரொம்பப் பிடித்திருக்கு. இரண்டும் ஒரே ஆள்தான், பிரித்தெடுக்க முடியாது.

பெர்லினில் ஹைன்ரிக் குஸ்டாவ் மேக்னஸ் 1852-இல் சுழலும் உருளையைக் காற்றோட்டத்தில் வைத்து, அது பக்கவாட்டில் தள்ளப்படுவதைக் காட்டினார். அவரும் பீரங்கிக் குண்டு விலகுவதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். நல்ல சோதனை, நல்ல காலம், பேர் அவருக்கே நின்றுவிட்டது. 1971-இல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை தலைப்பிலேயே மேக்னஸ் அல்லது ராபின்ஸ் விளைவு என்று போட்டது. சில நூல்கள் இரண்டு பேரையும் சேர்த்து எழுதுகின்றன. நம்ம பாடப் புத்தகத்தில் இன்னும் ஒருத்தர்தான்.

ராபின்ஸ் செய்த இன்னொரு சோதனையைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், ஏன்னா இதற்குத் துப்பாக்கி வேண்டாம். நாலரை அங்குல மரப்பந்து, எட்டு ஒன்பது அடி நீளத்துக்கு இரட்டை நூல். பந்தைச் சுற்றி நூலை நன்றாக முறுக்கி, ஊசல் மாதிரி இழுத்து விடணும். முறுக்கு பிரியப் பிரிய பந்து சுழன்றுகொண்டே ஆடும். எங்க எ.புதூர் வீட்டு மொட்டை மாடியில், படிக்கட்டுக் கூரையிலிருந்து நீட்டின ஒரு கம்பியில் கட்டினோம். மரப்பந்து கிடைக்கலை, டென்னிஸ் பந்தையே நூலில் கோத்தோம். முதல் இரண்டு ஆட்டம் நேராகத்தான் போனது, சிரிச்சாங்க. மூன்றாவதில் பந்து கோட்டை விட்டு விலக ஆரம்பித்தது. வர வர இன்னும் விலகியது. நூல் முழுக்கப் பிரிந்து, வேகத்தில் எதிர்ப்பக்கமாக முறுக்கி, மறுபடி பிரியத் தொடங்கியதும் சுழற்சி திசை மாறியது. எங்க கடலூர்க்காரன் தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பந்து இந்தத் தடவை அவன் போட்ட கோட்டுக்கு மறுபக்கம் வந்தது.